வண்டி பிரிட்ஜுக்குக் கரண்ட் வராதபோது

"பிரிட்ஜ் போச்சு" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, "உள்ளே லைட் எரியுதா?" என்றுதான். எரியுது என்பார்கள். அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள், "கரண்ட் வருது, அப்போ கம்ப்ரசர்தான் போயிருக்கும்" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த அத்தியாயம் அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு.

பிரிட்ஜுக்குள் இருக்கும் குட்டி எல்இடி எரிய அரை ஆம்பியர்கூட வேண்டாம். கம்ப்ரசர் கிளம்ப அதைப் போலப் பல மடங்கு வேண்டும். விளக்கு எரிந்தால் ஒயர் அறுந்துபோகவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். போதுமான கரண்ட் போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி. வண்டியில் ஓடும் பிரிட்ஜ்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை பிரிட்ஜுக்கு வெளியேதான் இருந்தன: ஒயரில், ஜாயிண்டில், எர்த்தில், பேட்டரியில். அதனால் பின்பக்க மூடியைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். மல்டிமீட்டரை எடுங்கள்.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி போகும் நெடுஞ்சாலையில் பிரிட்ஜ் வைத்த வண்டிகள் பலவிதம். சாயங்காலம் பைபாஸ் ஓரம் வந்து நிற்கும் பாஸ்ட்புட் வேன், பிரியாணி அண்டாவோடு நிற்கும் டாடா ஏஸ், ஐஸ்கிரீம் வண்டி, மீன் வண்டி, சென்னையிலிருந்து ஏலகிரிக்குக் குடும்பத்தோடு வரும் கேரவன். இவற்றில் இருக்கும் பிரிட்ஜ் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் வகை, பேட்டரியிலேயே நேராக ஓடும் 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் டிசி பிரிட்ஜ். இரண்டாவது, வீட்டு பிரிட்ஜை வண்டியில் ஏற்றி இன்வெர்ட்டரில் ஓட்டுவது. நம் பக்கத்தில் அதிகம் இதுதான். மூன்றாவது, கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் கம்ப்ரசர் இல்லாத வகை. வெளிநாட்டு கேரவன்களில்தான் வரும். உங்களுடையது எது என்று தெரியாமல் மேலே படிக்க வேண்டாம்.

காதால் கேளுங்கள்

மீட்டருக்கு முன்னால் காது. வண்டியை அணைத்து, பாட்டையும் நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் கேட்கவில்லை. டிசி பிரிட்ஜில் கம்ப்ரசர் கிளம்பி, சில வினாடியில் நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி கிளம்பி நின்றால், ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று அர்த்தம். வீட்டு பிரிட்ஜில் 'ம்ம்ம்' என்று உறுமி 'டிக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி அதே உறுமல் வந்தால், கிளம்பத் திராணி இல்லாமல் ஓவர்லோடு விழுகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்து குளிராவிட்டால்தான் கேஸ், கம்ப்ரசர், கதவு ரப்பர் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டும். அது மின்சாரக் கோளாறு அல்ல, இந்த அத்தியாயத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஆம்பூர் வேனில் இரண்டு முறை ஏற்றிய கேஸ்

ஆம்பூரில் ஒரு பெரியவர் டாடா ஏஸில் பிரியாணி விற்கிறார். பின்னால் நாற்பது லிட்டர் டிசி பிரிட்ஜ். தயிரும் மறுநாளைக்கான கறியும் அதில்தான். இரண்டு மாதத்தில் இரண்டு முறை "கேஸ் லீக்" என்று யாரோ சொல்லி, இரண்டு முறையும் கேஸ் ஏற்றிப் பணம் கொடுத்திருந்தார். மூன்றாவது ஆளாக நான் போனேன்.

"தம்பி, கேஸ் இருக்குதா பாரு" என்றார்.

"பாய், கேஸ் அப்புறம் பாக்கலாம். பேட்டரி எங்க இருக்கு?"

பிரிட்ஜுக்கென்று தனி பேட்டரி வைத்திருந்தார், டிரைவர் கேபினுக்குப் பின்னால். அங்கிருந்து ஒயர் சேஸை ஒட்டி வளைந்து வளைந்து பின்பக்கம் வருகிறது. அளந்தால் ஏழு மீட்டர். டியூப்லைட்டுக்கு இழுக்கிற 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். நடுவில் ஒரு புல்லட் கனெக்டர், அதன்மேல் இன்சுலேஷன் டேப்.

பிரிட்ஜ் ஓடாதபோது பேட்டரியில் 12.1 வோல்ட். பிரிட்ஜ் டெர்மினலிலும் அதே 12.1. இங்கேதான் பலரும் ஏமாறுவது. தண்ணீர் ஓடாத குழாயில் அடைப்பு இருப்பது தெரியாது. கரண்ட் ஓடாத ஒயரிலும் அப்படித்தான். கம்ப்ரசர் கிளம்பிய நொடியில் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் 12.0 நின்றது. பிரிட்ஜ் டெர்மினலில் 10.3.

1.7 வோல்ட் வழியிலேயே காணாமல்போகிறது. கணக்கு எளிது. ஒரு மீட்டர் நீள, ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை. போக ஏழு, வர ஏழு, மொத்தம் பதினான்கு மீட்டர், 0.24 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் போய்விடும். மீதி 0.3 அந்த புல்லட் கனெக்டரில்.

இந்த வகை பிரிட்ஜ்களில் பரவலாக இருக்கும் டான்ஃபாஸ் பிடி வரிசைக் கம்ப்ரசரில் (2010-க்குப் பிறகு செகாப் என்ற பெயரில் வருவது) பேட்டரியைக் காப்பாற்ற ஒரு பூட்டு உண்டு. 12 வோல்ட் இணைப்பில், கம்பெனி அமைத்து அனுப்பும் அளவுப்படி, வோல்டேஜ் 10.4-க்குக் கீழே போனால் கம்ப்ரசரை நிறுத்திவிடும், 11.7-க்கு மேல் வந்தால்தான் மறுபடி விடும். பாய் வண்டியில் நடந்தது இதுதான். கம்ப்ரசர் ஓடினால் 10.3, உடனே பூட்டு. ஓட்டம் நின்றதும் ஒயரில் இழப்பு இல்லை, டெர்மினலில் 12.1. பூட்டு திறக்கும். மறுபடி ஓட்டம், மறுபடி பூட்டு. விடிய விடிய இந்த விளையாட்டு. காலையில் கறி வெதுவெதுப்பாக இருக்கும், யாரோ ஒருவர் வந்து கேஸ் ஏற்றுவார்.

ஒயர் வழியைச் சுருக்கி ஐந்தரை மீட்டருக்குக் கொண்டுவந்தோம். 6 ஸ்கொயர் செம்பு ஒயர், நடுவில் ஜாயிண்டே இல்லை, பேட்டரிப் பக்கம் 15 ஆம்பியர் ஃபியூஸ். இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது. கேஸ் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

ஒயர் அளவுக்கு மனதில் நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. இதே கம்ப்ரசர்களுக்கு, 12 வோல்ட்டில் எத்தனை மீட்டர் தூரமோ அத்தனை ஸ்கொயர் ஒயர். 4 மீட்டருக்கு 4 ஸ்கொயர், 6 மீட்டருக்கு 6, 10 மீட்டருக்கு 10. 24 வோல்ட் லாரியில் அதே ஒயரில் இரட்டிப்புத் தூரம் போகலாம். கடைக்காரர் "இவ்வளவு தடி ஒயர் எதுக்கு, இது ஏசிக்குப் போடுறது" என்பார். வீட்டு ஏசிக்கு 230 வோல்ட் என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். வோல்ட் குறையக் குறைய அதே வேலைக்கு ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் ஒயர் தடிக்க வேண்டும். நெகட்டிவ் ஒயரையும் பேட்டரி வரைக்கும் இழுங்கள். சேஸில் ஒரு போல்ட்டைத் தேடி பாடி எர்த் கொடுப்பது ஹாரனுக்குச் சரி, பிரிட்ஜுக்குச் சரியில்லை.

இந்தக் கம்ப்ரசரின் கண்ட்ரோல் பெட்டியில் சின்ன எல்இடி இருந்தால் அது கண் சிமிட்டுவதை எண்ணுங்கள். ஒரு சிமிட்டல் என்றால் மேலே சொன்ன பேட்டரிப் பூட்டு. இரண்டு என்றால் காற்றாடி அதிகக் கரண்ட் இழுக்கிறது; காற்றாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூன்று, மோட்டார் கிளம்ப முடியவில்லை. நான்கு, கிளம்பியும் வேகம் எடுக்க முடியவில்லை. ஐந்து, கண்ட்ரோல் பெட்டியே சூடாகிவிட்டது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் மெக்கானிக் தேவையே இல்லை.

இந்த ஊர்க் காற்று

மற்ற ஊர்களுக்கு எழுதிய கையேடுகளில் இது இருக்காது. தோலிலிருந்து முடியை நீக்க இந்தப் பக்கத்துத் தோல் டேனரிகளில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு நீரோடு அமிலம் சேரும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ டேனரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கும். வீட்டில் கொலுசு சீக்கிரம் கறுத்தால் வண்டிக்குள் இருக்கும் ரிலேயின் வெள்ளிப் பாயிண்டும், ஒயரின் செம்பு நுனியும் அதே கதிக்குப் போய்க்கொண்டிருக்கும். கறுப்புப் படலம் கரண்டைச் சரியாக விடாது. ஆம்பூர் வண்டியின் புல்லட் கனெக்டரை டேப் பிரித்துப் பார்த்தபோது செம்பு இழைகள் கரி பூசியதுபோல இருந்தன.

நிறத்தை வைத்தே காரணம் சொல்லலாம். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி ஆசிட். பிளாஸ்டிக் உருகாமல் செம்பு மட்டும் சீராகக் கறுத்திருந்தால் காற்று. கறுப்போடு பிளாஸ்டிக்கும் உருகி, ஒயர் தோல் விறைத்திருந்தால் லூஸ் கனெக்ஷன் சூடேறியிருக்கிறது. அதை அன்றைக்கே சரிசெய்யாவிட்டால் வண்டி எரியும்.

கறுத்த இழையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஓர் அங்குலம் வெட்டித் தள்ளிவிட்டு உள்ளே பளபளப்பான செம்பு வரும் இடத்தில் வெள்ளீயம் பூசிய லக் வைத்து, கருவியால் அழுத்தி, சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். போல்ட்டை முடுக்கிய பிறகு மேலே வாசலின். முடிந்தால் ஒயரையே வெள்ளீயம் பூசிய செம்பாகக் கேளுங்கள். படகுகளுக்குப் போடுவது அது, விலை கூடத்தான்.

இதே ஊர்த் தோல் வியாபாரத்துக்கு ஒருநாளும் பிரிட்ஜ் தேவைப்பட்டதில்லை. உரித்த தோல் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உப்பைப் போட்டு அடுக்கிவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. பிரியாணிக்காரருக்குத்தான் அந்த வசதி இல்லை.

பேட்டரி கணக்கு

"வண்டி தினமும் ஓடுதே, பேட்டரி சார்ஜ் ஆயிடும்" என்ற நம்பிக்கை பலருக்கு. வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் ஆல்டர்நேட்டரிலிருந்து ஒயர் சரியாக இருந்தால் 15, 20 ஆம்பியர்-மணி உள்ளே போகும். பிரிட்ஜ் ஒரு நாளைக்குத் தின்பது அதைவிடக் கூட. நான்கு நாள் சமாளிக்கும், ஐந்தாம் நாள் நிற்கும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு" என்ற வாக்கியத்தை நான் அதிகம் கேட்கிறேன்.

இரண்டு மணி நேரம் எதையும் ஓட்டாமல் வைத்து பேட்டரியை அளங்கள். 12.7 நிறை பேட்டரி, 12.2 பாதி, 11.8 கிட்டத்தட்ட காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈய பேட்டரி வருடக் கணக்கில் ஆயுளை இழக்கும். அதனால் 150 ஆம்பியர்-மணி பேட்டரியை 75 என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரில் வீட்டு பிரிட்ஜ் ஓட்டுகிறவர்கள் கவனிக்காத திருடன் ஒன்று உண்டு. பிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தான் விழித்திருக்க ஒன்று, ஒன்றரை ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றரை என்றால் 24 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி. உங்களுடைய 75-இல் பாதி, ஒரு டம்ளர் தயிரையும் குளிரவைக்காமல் போய்விட்டது. புதிதாக வண்டி கட்டுகிறவர்களுக்கு டிசி பிரிட்ஜையே நான் சொல்வதற்குக் காரணம் இது. வீட்டு பிரிட்ஜ்தான் வேண்டுமென்றால் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடேறும், சீக்கிரம் போகும். ஓட்டத்தில் 120 வாட் எடுக்கும் பிரிட்ஜ் கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். 300 வாட் இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டினால் பிரிட்ஜைக் குறை சொல்லாதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்நேட்டர் எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அப்போது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் பழைய ரிலே வழியாக, பிரிட்ஜுக்கான இரண்டாவது பேட்டரி நிறையாது. இன்ஜின் ஓடும்போது இரண்டாவது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். 12.6-லேயே நின்றால் டிசி-டிசி சார்ஜர் போட்டே ஆக வேண்டும்.

கடையிலிருந்து ஒயர் இழுக்கும்போது

டீக்கடையிலிருந்து 230 வோல்ட் எடுப்பவர்களுக்கு மூன்று விஷயம்.

சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் அளந்து பாருங்கள். பகலில் 230 இருந்த இடத்தில் 190 இருக்கும். அதற்குமேல் முப்பது மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்தால் கம்ப்ரசர் கிளம்பும்போது இன்னும் பத்து வோல்ட் போகும். உறுமலும் டிக்கும் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஸ்டெபிலைசரை பிரிட்ஜ் பக்கத்தில் வையுங்கள், கடைப் பக்கத்தில் அல்ல. மிச்ச ஒயரைச் சுருட்டி வைக்காதீர்கள்; சுருட்டிய ஒயர் சூடாகும்.

கரண்ட் போய் உடனே வந்தால் பிரிட்ஜ் கிளம்பாது. உள்ளே அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்து நாமே ரிலேயைக் கெடுக்கிறோம். டீ சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

மூன்றாவது உயிர் விஷயம். வண்டி ரப்பர் டயர் மேல் நிற்கிறது. பிரிட்ஜில் கசிவு வந்தால் வண்டி முழுக்க ஷாக் ஏறி, தரையில் காலை ஊன்றிக் கதவைத் தொடும் முதல் ஆள் வழியாகத்தான் அது இறங்கும். மழை நாளில், வெறுங்காலோடு தட்டு நீட்டும் வாடிக்கையாளராக அவர் இருக்கலாம். இரண்டு பின் பிளக் வேண்டவே வேண்டாம். எர்த் உள்ள மூன்று பின், வண்டி பாடியோடு எர்த் இணைப்பு, உள்ளே நுழையும் இடத்தில், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேர் கனெக்ஷன் கொடுத்த ஒரு வேனைப் பார்த்தேன். ஐஸ் உருக்கும் ஹீட்டரில் கசிவு இருந்தது. ஆர்சிசிபி தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 230 வோல்ட் பக்கம் எதைத் திறப்பதாக இருந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் என் புத்தகத்தை நம்பி இறங்க வேண்டாம்.

வெயில்

பிரிட்ஜின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். 'டி' என்றால் சுற்றுவட்டாரச் சூடு 43 டிகிரி வரைக்கும் தாங்கும்படி செய்தது. 'எஸ்டி' என்றால் 38 வரைக்கும்தான். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 தாண்டும். தகர வேனுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கையை வைத்துப் பாருங்கள். ஐந்து சிமிட்டல் வருவது பெரும்பாலும் இங்கேதான். கண்டன்சருக்குக் கீழே குளிர் காற்று வர ஒரு ஓட்டை, மேலே சூடு போக ஒரு ஓட்டை. மூட்டையையும் அட்டைப் பெட்டியையும் அதற்கு எதிரே அடுக்காதீர்கள்.

கேஸில் ஓடும் வகைக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. அது சமதளத்தில் நின்றால்தான் வேலை செய்யும்; மூன்று டிகிரி சாய்ந்தாலே குளிர் நிற்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரியில் சரிவில் நிறுத்திவிட்டு, "கீழே நல்லா இருந்துச்சு" என்பவர்கள் டயருக்கு அடியில் கட்டை வைத்துப் பார்க்கட்டும். 12 வோல்ட்டில் அதை ஓட்டுவது வண்டி ஓடும்போது மட்டும். நிறுத்தி வைத்து ஓட்டினால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

நின்றுவிட்டது, உள்ளே பொருள் இருக்கிறது

முதலில் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருக்கும் பிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு; மே மாத ஆம்பூரில் வண்டிக்குள் இருப்பதை நான் இரண்டு மணிக்கு மேல் நம்ப மாட்டேன். பச்சைக் கறி 5 டிகிரியைத் தாண்டி எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாவிட்டால் மசாலா போட்டு மறைக்காமல் கொட்டிவிடுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்துவிட்டு இன்சுலினோடு ஊர் திரும்பும் வண்டி என்றால் அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ்கட்டியோடு ஒட்டவைத்தால் உறைந்து கெடும், துணி சுற்றித் தனியாக வையுங்கள்.

பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: எதுவும் ஓடாதபோது பேட்டரி வோல்டேஜ், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பிரிட்ஜ் டெர்மினலில் வோல்டேஜ், எல்இடி எத்தனை முறை சிமிட்டியது. இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளாமல் "கேஸ் ஏத்திடலாம்" என்று சொல்கிற ஆளை வண்டிக்குள் ஏற்றாதீர்கள்.